ஓரத்துக்குப் போகாத ராஜா

ஏழாவது சுற்றில் நான் ஜெயித்தேன். அன்றைக்குத்தான் பயம் பிடித்தது. தோற்றுப் பயந்தவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஜெயித்துப் பயந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். சீசன் நேரத்தில் செஸ் போட்டி வைத்தால் வெளிநாட்டு கிராண்ட்மாஸ்டர்கள் அருவிக்காகவாவது வருவார்கள் என்று யாருக்கோ யோசனை தோன்றியிருக்கிறது. வந்தார்கள். மொத்தம் பத்துப் பேர். ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேரோடும் ஒரு ஆட்டம் ஆட வேண்டும். வாசுதேவநல்லூரிலிருந்து வந்த வேல்விழி என்கிற நான் அந்தப் பத்தில் ஒருத்தி. எனக்கு இருபத்து நாலு வயது. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 'நார்ம்' என்று மூன்று தகுதிகள் சேர்க்க வேண்டும். இப்படிப் பெரிய ஆட்டக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் கேட்கிற புள்ளிகளை எடுத்தால் ஒரு நார்ம். என்னிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தன. இங்கே ஒன்பது ஆட்டத்தில் ஆறரைப் புள்ளி எடுத்தால் மூன்றாவதும் கிடைத்துவிடும். பட்டம் கைக்கு வந்துவிடும். ஏழாவது சுற்று முடிந்தபோது என்னிடம் ஐந்தரை இருந்தது.

என்னிடம் தோற்ற செர்பியாக்காரர் கை கொடுத்துவிட்டு எழுந்து போனார். நான் ஆட்டத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வழக்கம்போல, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எனக்கு ஆட்டம் முடிந்ததும் ஓடுகிற பழக்கம். மற்றவர்கள் உட்கார்ந்து, இங்கே இப்படி ஆடியிருந்தால் என்ன, அங்கே அப்படிப் போயிருந்தால் என்ன என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். சின்ன வயதிலிருந்து எனக்கு எப்போதும் ஒரு கடைசி பஸ் இருந்தது. மதுரையில் ஆடினாலும் சேலத்தில் ஆடினாலும் பஸ்ஸைப் பிடிக்க ஓடியே பழகிவிட்டேன். பஸ் இல்லாத ஊரிலும் கால் தானாக வாசலுக்குப் போகும்.

வாசலில் தலைமை நடுவர் லட்சுமிநாராயணன் நின்றுகொண்டிருந்தார். பூர்வீகம் தென்காசி சன்னதித் தெரு. நாற்பது வருஷமாகச் சென்னைவாசி. வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா.

"ரெண்டு நிமிஷம் வாங்கம்மா" என்றார்.

மணமகள் அறைக்குக் கூட்டிப் போனார். போட்டிக்காக அதைச் சோதனை அறையாக்கி இருந்தார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி, சுற்றிப் பல்புகள். முன்னே யாரோ கல்யாணப் பெண் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள் கண்ணாடியில் வரிசையாக இருந்தன. எந்தப் பக்கம் திரும்பினாலும் என் மூஞ்சியே தெரிந்தது. குற்றவாளியின் மூஞ்சி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அப்படித்தான் இருந்திருக்கும்.

"ஒரு புகார் வந்திருக்கு. எழுத்துல இல்லை, வாய்வார்த்தைதான். யாருன்னு சொல்ல முடியாது" என்றார். "உங்க ஆட்டமெல்லாம் கம்ப்யூட்டர் ஆட்டம் மாதிரி இருக்குன்னு சொல்றாங்க."

நான் பையைக் கீழே வைத்தேன்.

"சில இடத்துல ஒரே ஒரு நகர்த்தல்தான் சரி. வேற எதை ஆடினாலும் தோல்வி. அந்த மாதிரி இடம் இந்த ஏழு ஆட்டத்துல உங்களுக்குப் பதினொண்ணு வந்திருக்கு. மனுஷன் ஆடினா எட்டு கண்டுபிடிப்பான், ஒம்பது கண்டுபிடிப்பான். நீங்க பதினொண்ணுக்குப் பதினொண்ணு."

"நான் ஒண்ணும் பண்ணல சார்."

"பண்ணினீங்கன்னு நான் சொல்லலைம்மா. இனிமே ஆட்டத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் சோதனை இருக்கும். உங்க அண்ணன் ஹாலுக்குள்ள வர வேண்டாம். நிரூபணம் ஆனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். தடை. கையில் இருக்கிற இரண்டு நார்மும் போகும். அதற்கப்புறம் என் பேரை எவன் எங்கே தேடினாலும் முதலில் அந்தச் சொல்தான் வரும்.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். சொன்னவன் இந்த மணமகள் அறையில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். என் மடியில் ஒன்றும் இல்லை. ஆனாலும் பயந்தேன். ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை. எனக்குச் செஸ் சொல்லிக் கொடுத்தது கம்ப்யூட்டர்தான்.

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது அண்ணன் அருண்பாண்டி செகண்ட் ஹேண்டில் ஒரு போன் வாங்கினான். அதில் இலவசமாக ஒரு செஸ் புரோகிராம் இருந்தது. எங்கள் ஊரில் கோச் கிடையாது; தென்காசியில் ஒருவர் இருந்தார், அவரை இரண்டே மாதத்தில் ஜெயித்துவிட்டேன். அதற்கப்புறம் போன்தான். அது திட்டாது, பாராட்டாது, ஏன் என்று விளக்காது. பக்கத்தில் ஒரு எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். சரியாக ஆடினால் எண் அசையாது, தப்பாக ஆடினால் சரியும். அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து எது சரி என்று கை கற்றுக்கொண்டது. கிணற்றில் தள்ளிவிட்ட பிள்ளை நீச்சல் கற்றுக்கொள்கிற மாதிரி. ஏன் மிதக்கிறாய் என்று அந்தப் பிள்ளையைக் கேட்டால் என்ன சொல்லும்?

புத்தகம் என்று ஒன்றுகூடப் படித்ததில்லை. எல்லாமே இங்கிலீஷில், விலையும் அதிகம். போன் இருக்கும்போது புத்தகம் எதற்கு என்ற திமிரும் எனக்கு இருந்தது.

மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் அண்ணன் காத்திருந்தான். வாரத்தில் ஆறு நாள் புளியங்குடி மார்க்கெட்டுக்கு எலுமிச்சை ஏற்றுகிற லோடு ஆட்டோக்காரன். எனக்காகப் பத்து நாள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்திருந்தான்.

"ஏட்டி, செயிச்சிட்டேல்லா? பொறவு என்னத்துக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து லட்சுமிநாராயணன் சாரும் டீ குடிக்க வந்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தும் கேட்காமல் அண்ணன் அவரிடம் போய்விட்டான்.

"சார், ஒண்ணு கேக்கணும். கம்ப்யூட்டரு அவ்வளவு நல்லா ஆடுதுங்கீங்க. அப்போ அதுக்கே கிராண்ட்மாஸ்டர் பட்டத்தைக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே? இவள எதுக்குப் போட்டு அரட்டுதீங்க?"

அவர் கோபப்படவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

"ஒரு காலத்துல அதையும் மனுஷங்களோட உட்கார வெச்சு ஆடிப் பாத்திருக்காங்க. நல்லாத்தான் ஆடுச்சு. இப்போ உலக சாம்பியனே அதுகிட்ட நிக்க முடியாது. ஆனா பட்டம் குடுக்க மாட்டாங்க."

"ஏன்?"

"பட்டம்னா அது ஒரு ஆளுக்குப்பா. ஆளு வந்து உட்காரணும், கை குடுக்கணும், தன் கையால ஆட்டத்தை எழுதணும், தோத்தா கையெழுத்துப் போடணும். தப்புப் பண்ணினா பட்டத்தைப் பறிப்போம். மெஷின்கிட்டேருந்து பட்டத்தைப் பறிச்சா அதுக்கு என்ன போச்சு? அது பாட்டுக்கு ஆடிக்கிட்டே இருக்கும். பறிச்சா வலிக்காதவனுக்குக் குடுத்து என்ன பிரயோஜனம்?"

அண்ணன் யோசித்துப் பார்த்துவிட்டு, "அதுவும் நெசந்தான்" என்றான். இவன் என் கட்சியா அவர் கட்சியா என்றே எனக்குப் புரியவில்லை.

ஆனால் அவர் சொன்னது எனக்குள் வேறு மாதிரி இறங்கியது. என் வாத்தியாருக்குப் பட்டம் கிடையாது. நியாயம். அதன் ஆட்டத்தை அப்படியே ஆடுகிற எனக்கு மட்டும் உண்டா? நான் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் பலகையில் ஆடுவது நான்தானா, இல்லை என் கையை வைத்துக்கொண்டு அது ஆடுகிறதா? இந்தக் கேள்வி அதற்கு முன்னால் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. வந்த பிறகு போகவும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் அண்ணன் விடவில்லை. "அருவித்தண்ணி தலையில விழுந்தா எல்லாக் கிறுக்கும் தெளியும்" என்று ஐந்தருவிக்கு இழுத்துக்கொண்டு போனான். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கம் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற ஒரு அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீ அந்த செஸ் ஆடுத பிள்ளதானே? எம் மவன் போன்ல காட்டுனான். உன்னப் பத்தி என்னமோ எழுதியிருக்காவளாமே?"

"நான் இல்ல" என்று சொல்லிவிட்டு வரிசையை விட்டு விலகினேன். பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள். எனக்கோ அருவியடியில் நிற்கவே முடியவில்லை. பாறைக்கு அந்தப் பக்கம் ஒருவன் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அருவியைத்தான் எடுத்தானோ என்னவோ. எனக்கு மட்டும், 'ஆட்டத்துக்கு முன்பு அருவிக்கரையில் ரகசியச் சந்திப்பு' என்று அடியில் எழுதிப் போடுவான் என்று தோன்றியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தலை நனையாமலேயே திரும்பி வந்தேன்.

எட்டாவது சுற்றுக்கு முன்னால் மணமகள் அறையில் சோதனை. மண்டபத்தில் துப்புரவு வேலை பார்க்கிற ஹைருன் பீவியை அதற்கென்று கூப்பிட்டிருந்தார்கள். கையில் மெட்டல் டிடெக்டரைக் கொடுத்ததும் எந்தப் பக்கம் பிடிப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் அது கத்தியது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"ஹேர்பின்னு, ஹேர்பின்னுதான்" என்று அவரே வெளியே பார்த்துச் சத்தமாகச் சொன்னார். பிறகு என் காதருகில், "பயப்படாத மவளே. ஒனக்கு ஒடம்பு ஏன் இப்படிக் குளுந்து கெடக்கு?" என்றார்.

அன்றைக்கு ஆட்டத்தில் நான் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் யாரையோ பார்க்கிறேன் என்பார்கள். தண்ணீர் குடிக்கவில்லை, குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போனால் அங்கே போனை ஒளித்து வைத்திருக்கிறேன் என்பார்கள். நாலரை மணி நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபத்தேழாவது நகர்த்தலில் ஜெயிக்கிற வழி தெரிந்தது. குதிரையைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். யாரும் அப்படிப் போக மாட்டார்கள், போன் போகும். என் கை குதிரையைத் தொடப் போனது. பின்னால் லட்சுமிநாராயணன் சார் நின்று குறிப்பெழுதுகிற சத்தம் கேட்டது. கையை எடுத்துக்கொண்டேன். சாதாரணமாக, சுமாராக ஒரு நகர்த்தல் ஆடினேன்.

என் வாழ்க்கையில் சரியானது எது என்று தெரிந்துகொண்டே வேறொன்றை ஆடியது அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், நிம்மதியாக இருந்தது. குறிப்பெழுதுகிற சத்தம் நின்று, அவர் அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். ஆட்டம் டிராவில் முடிந்தது. அரைப் புள்ளி. மொத்தம் ஆறு. கடைசி ஆட்டத்தில் இன்னொரு டிரா செய்தால் போதும்.

"ஒரு டிரா தானட்டி?" என்றான் அண்ணன். "ஒன்னால முடியாததா?"

முடியும். அதுதான் பயமே.

கடைசிச் சுற்று காலை பத்து மணிக்கு. எதிரில் ஷ்ரவண். பத்தொன்பது வயது, பதினைந்திலேயே கிராண்ட்மாஸ்டர். தாத்தா காலத்தில் தென்காசியை விட்டுப் போன குடும்பம். மூன்று கோச், ஒரு மனநல ஆலோசகர், கூடவே வருகிற ஒரு அப்பா. புகார் சொன்னது இவன்தான் என்று நானாக முடிவு கட்டி வைத்திருந்தேன். ஆதாரம் ஒன்றும் கிடையாது. சுத்தமாக இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான் என்பதைத் தவிர.

"ஆல் தி பெஸ்ட் அக்கா" என்றான். பார்த்தாயா எவ்வளவு நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே மழை கொட்டியது. ஆட்டம் நீண்டது. அவன் நன்றாக ஆடினான். நான் பயந்து பயந்து ஆடினேன். ஒவ்வொரு நகர்த்தலையும் இரண்டு தடவை பார்த்தேன். சரிதானா என்று ஒரு தடவை, ரொம்பச் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை. ரொம்பச் சரியாக இருந்தால் விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன். இப்படி ஆடினால் எந்த ஆட்டம் விளங்கும்? நாலு மணி நேரத்தில் காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டு, ஆளுக்கு ஒரு ராஜா, ஒரு யானை, ஒரு சிப்பாய் என்று மிச்சமாயிற்று. அவன் சிப்பாய் ராணியாக இன்னும் இரண்டே கட்டம். என் சிப்பாய் இன்னும் புறப்படவே இல்லை.

ஷ்ரவண் எழுந்து போய் லட்சுமிநாராயணன் சாரின் காதில் என்னவோ சொன்னான். அவர் தலையாட்டினார். இரண்டு பேரும் என் மேஜையைப் பார்த்தார்கள். பிறகு அவர் வந்து எனக்குப் பின்னால் நின்றார். மேலே மின்விசிறி நின்றது. ஏன் நிறுத்தினார்கள்? என் உடம்புக்குள்ளிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்கவா? அப்படியெல்லாம் நினைத்தேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

ஷ்ரவண் வந்து உட்கார்ந்து யானையால் செக் வைத்தான்.

என் ராஜா நகர வேண்டும். இரண்டே வழிதான். ஒன்று, இடது பக்கம்: அகலமான, காற்றோட்டமான பக்கம். என்னுடைய ஒரே சிப்பாயும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ராஜா போய் அதற்குக் காவல் நிற்கலாம். பார்க்கிறவர்களுக்கு நியாயமாகத் தெரியும். இன்னொன்று, வலது பக்கம்: பலகையின் ஓரம். இரண்டே வரிசை, நெருக்கடியான மூலை. சிப்பாயை அநாதையாக விட்டுவிட்டு ராஜா மூலைக்கு ஓடுவது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

சரியானது ஓரம்தான். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஓரத்துக்குப் போனால் டிரா, இடது பக்கம் போனால் தோல்வி. போனில் இந்த மாதிரி இடம் எத்தனையோ தடவை வந்திருக்கிறது. ஓரத்துக்குப் போனால் எண் பூஜ்யத்தில் அசையாமல் நிற்கும், இடது பக்கம் போனால் பாதாளத்தில் விழும். ஒரே ஒரு சரி. வேற எதை ஆடினாலும் தோல்வி. பதினொன்றுக்குப் பதினொன்று. இது பன்னிரண்டாவது.

கடிகாரத்தில் எனக்குப் பதினாலு நிமிஷம் இருந்தது. பதினொரு நிமிஷம் யோசித்தேன். நகர்த்தலைப் பற்றி இல்லை. ஏன் ஓரத்துக்குப் போனாய் என்று மணமகள் அறையில் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று யோசித்தேன். ஒரு மனுஷிக்கு இது எப்படித் தோன்றியது? என்ன காரணம்? எனக்குக் காரணம் தெரியாது. காரணம் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எண் அசையாது என்பதுதான் காரணம். அதைச் சொன்னால் அங்கேயே முடிந்தது கதை.

மனுஷி என்ன ஆடுவாள்? தன் கடைசிச் சிப்பாயை விட்டுவிட்டு ஓடுவாளா? மாட்டாள். காப்பாற்றப் போவாள். நானும் மனுஷிதான். அப்படி ஆடினால் பட்டம் போகும், பேர் போகாது. ஒருவேளை ஷ்ரவண் தப்பு செய்தால் டிராகூட ஆகலாம். அவனும் மனுஷன்தானே. இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராஜாவை எடுத்தேன். இடது பக்கம் வைத்தேன்.

பின்னால் பேனா ஒரு கோடு போடுகிற சத்தம் கேட்டது.

ஷ்ரவண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். பிறகு பலகையைப் பார்த்தான். பிறகு தப்பே செய்யாமல் ஒன்பது நகர்த்தல் ஆடினான். அவன் சிப்பாய் ராணியாகப் போகிற இடத்தில் நான் கடிகாரத்தை நிறுத்திக் கை நீட்டினேன். தாளில் கையெழுத்துப் போட்டேன். தோற்ற தாளில் கையெழுத்து நன்றாகத்தான் வந்தது.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "இருங்கம்மா, ஆட்டத்துக்குப் பின்னாடி பண்ற சோதனை பாக்கி இருக்கு. ஹைருன் பீவி சாப்பிடப் போயிருக்காங்க. வந்துடுவாங்க" என்றார் லட்சுமிநாராயணன் சார். ஓட முடியாமல் உட்கார்ந்தேன். வாசலில் அண்ணன் மழையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தான். கையால் என்ன என்று கேட்டான். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஷ்ரவண் போகவில்லை. காய்களை மறுபடியும் பலகையில் அடுக்கினான்.

"ஃபேன் சத்தம் உங்களுக்கும் டிஸ்டர்பா இருந்துச்சாக்கா? கடகடன்னு. அதான் நான் சார்கிட்ட நிறுத்தச் சொன்னேன்" என்றான்.

நான் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தேன். வாய் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

"ஒண்ணு கேக்கலாமா? நீங்க செர்பியாக்காரரை அடிச்ச கேமை நான் நாலு தடவை போட்டுப் பாத்தேன். அப்படி ஆடறவங்க இங்க ஏன் இந்தப் பக்கம் வந்தீங்க?" ராஜாவை எடுத்து இடது பக்கம் வைத்துக் காட்டினான். பிறகு அதை ஓரத்துக்குத் தள்ளினான். "இப்படிப் போயிருந்தா டிரா. நான் கை குடுக்க ரெடியா இருந்தேன்."

"அது..." என்றேன். "அது கம்ப்யூட்டர் ஆடுத மூவ்லா?"

அவன் சிரித்துவிட்டான். கேலிச் சிரிப்பு இல்லை, நிஜமாகவே வேடிக்கையாகத்தான் இருந்திருக்கிறது அவனுக்கு.

"இதா? அக்கா, இது நூறு வருஷம் முந்தைய சமாச்சாரம். கம்ப்யூட்டரே கிடையாது அப்போ. ராஜா குறுகலான பக்கம் போகணும், அகலமான பக்கத்தை யானைக்கு விட்டுடணும். யானைக்குத் தூரத்துலேருந்து செக் குடுக்க இடம் வேணும்ல, அதுக்குத்தான். நம்ம சிப்பாயே அந்த வழியில நின்னா அதையும் தூக்கிப் போட்டுடணும். எனக்கு எட்டு வயசுல எங்க மிஸ் சொல்லிக்குடுத்தாங்க. எந்த எண்ட்கேம் புஸ்தகத்தை எடுத்தாலும் முதல் பத்துப் பக்கத்துல இருக்கும்."

யானைக்கு இடம் வேண்டும். அவ்வளவுதான் காரணம். ஒரு வரி. எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற ஒரு வரி. பன்னிரண்டு வருஷமாக நான் அந்த நகர்த்தலை ஆடிக்கொண்டிருக்கிறேன், அந்த ஒரு வரி எனக்குத் தெரியாது. எது போனுடையது, எது மனுஷருடையது என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் எனக்கு அதுதானே கொடுத்தது. மனுஷர்கள் நூறு வருஷமாகக் கை மாற்றிக் கை மாற்றி வைத்திருந்த ஒன்றை, திருட்டுச் சொத்து மாதிரி நானே பயந்து தூக்கி எறிந்திருக்கிறேன். பட்டமும் அதோடு போயிற்று.

லட்சுமிநாராயணன் சார் கோப்போடு வந்து எங்கள் மேஜைப் பக்கத்தில் நின்றார். முகத்தில் நல்ல தெளிவு. எனக்காக அவர் சந்தோஷப்படுகிறார் என்று தெரிந்தது.

"ரிசல்ட் வருத்தம்தான்மா. ஆனா ஒரு நல்லது. மெஷின் வெச்சு ஆடறவங்க அந்த இடத்துல இப்படித் தப்பு பண்ண மாட்டாங்க. அதை நான் ரிப்போர்ட்லயே எழுதிடறேன். இனிமே உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

ஷ்ரவணுக்கு எதுவும் புரியவில்லை. அவன் இன்னும் ஓரத்தில் நின்ற ராஜாவின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தான்.

"ஆனா நிஜமா சொல்லுங்கக்கா. பதினோரு நிமிஷம் யோசிச்சீங்க. இது உங்க கண்ணுல படவே இல்லையா?"

லட்சுமிநாராயணன் சாரும் என்னைப் பார்த்தார். பேனா திறந்திருந்தது. பட்டது என்று சொன்னால், பிறகு ஏன் ஆடவில்லை என்று கேட்பார்கள். தெரிந்தே தோற்றால் அது வேறொரு குற்றம். அதற்கு வேறொரு விசாரணை. அதே மணமகள் அறை, அதே கண்ணாடி. எனக்கு அண்ணனோடு வீட்டுக்குப் போக வேண்டும்போல இருந்தது. வேறு எதுவும் வேண்டாம்போல இருந்தது.

"படல தம்பி" என்றேன்.

அந்தப் பத்து நாளில் மண்டபத்துக்குள் நான் சொன்னதெல்லாம் உண்மை. ஒன்றைக்கூட முழுசாக நம்பியவர் கிடையாது. இந்தப் பொய்யை லட்சுமிநாராயணன் சார் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டு, கோப்பை மூடினார்.